வாரம் ஒரு சுவரிதழ்: பள்ளியில் நடப்பதையும் பிள்ளைகள் சாதிப்பதையும் பதிவுசெய்யும் முறை

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒரே வாரத்தில் எவ்வளவோ நடந்துவிடுகிறது. திங்களன்று கொடியேற்றம். நடுவில் ஒரு நாள், அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு அணி கிளம்புகிறது. அறிவியலும் கணக்கும் செய்து பார்க்கும் வானவில் மன்றத்தில் ஒரு செயல்பாடு, எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சி, நூலகப் பாடவேளை, இலக்கிய மன்றக் கூட்டம், பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. இவற்றில் பெரும்பகுதி பத்தே நாளில் மறந்துபோகும். ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது, ஜூலையில் சதுரங்கத்தில் ஜெயித்த பையன் பெயர் என்ன என்று ஆசிரியர் அறை முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். கிடைக்கும் பதில் பெரும்பாலும் பாதிதான்.

இதற்குத் தீர்வு வாரம் ஒரு சுவரிதழ், அதாவது பெரிய அட்டையில் கையால் எழுதிச் சுவரில் மாட்டும் செய்தி இதழ், கூடவே ஒரு சாதனைப் பதிவேடு. இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள். சுவரிதழ் பிள்ளைகள் படிப்பதற்கு. பதிவேடு அவர்களுக்குப் பின்னாளில் உதவுவதற்கு. கணினி அச்சு இல்லாமலே, மாதம் இருநூறு ரூபாய்க்குள் இதை நடத்தலாம். பணத்தைவிட முக்கியம் ஒழுங்கு: நடந்ததை நடந்த அன்றே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து செவ்வாய்க்கிழமையை நினைவுபடுத்த முயன்றால் பெயர் மாறும், பிரிவு மாறும், இரண்டாமிடம் முதலிடமாகிவிடும்.

யார் செய்வது

பொறுப்பாசிரியர் ஒருவர் போதும். தமிழாசிரியர்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் பிழை பார்ப்பதற்குத் தமிழாசிரியர் ஒருவர் வாரம் இருபது நிமிடம் தர ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மாணவர் குழுவில் ஆறிலிருந்து எட்டுப் பேர். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். அரையாண்டுக்குப் பிறகு அவர்களுக்குத் திருப்புதலும் செய்முறைத் தேர்வும் வரிசையாக வரும், குழு பாதியில் நின்றுபோகும். ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளிலிருந்து எழுதுவோரை எடுங்கள். கையெழுத்து நன்றாக உள்ள இருவர், படம் வரையும் ஒருவர், கணக்கு வழக்கு பார்க்கும் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

இவர்களைத் தவிர, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செய்தியாளர் வேண்டும். வகுப்புத் தலைவரையே செய்தியாளராக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது சரிவராது. வகுப்புத் தலைவருக்கு ஆசிரியர் சொல்வதெல்லாம் தெரியும், கடைசி பெஞ்சில் நடப்பது தெரியாது. எல்லோரோடும் பேசுகிற, இடைவேளையில் ஓரிடத்தில் நிற்காத பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். சரளமாக எழுத வராவிட்டாலும் பரவாயில்லை. செய்தி கொண்டுவந்தால் போதும், எழுதுவதைக் குழு பார்த்துக்கொள்ளும். எழுதத் தயங்கும் பிள்ளை, தான் கொண்டுவந்த செய்தி சுவரில் ஏறுவதைப் பார்த்த பிறகு தானே பேனாவை எடுப்பதைப் பலமுறை காணலாம். காலாண்டுக்கு ஒருமுறை செய்தியாளரை மாற்றுங்கள்.

ஒரு வாரத்தின் ஓட்டம்

ஏ4 தாளை நான்காக வெட்டி, துளையிட்டு நூலில் கோத்த துண்டுச்சீட்டுக் கட்டு ஒவ்வொரு செய்தியாளரிடமும் இருக்கட்டும். ஒரு சீட்டில் ஒரே செய்தி. சீட்டில் ஆறு வரி: என்ன நடந்தது, எந்த நாள், எங்கே, யார் யார், எந்த வகுப்பு எந்தப் பிரிவு, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆறாவது வரியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அது இல்லாத சீட்டை வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை அந்த வரிதான் சொல்லும்.

நூலக வாசலில் ஒரு செய்திப் பெட்டி வையுங்கள். பூட்டுப் போட்ட காலணி அட்டைப்பெட்டியே போதும். தினமும் மாலை கடைசி மணிக்கு முன் குழுவில் ஒருவர் பெட்டியைத் திறந்து, சீட்டின் மூலையில் தேதி எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும்.

வியாழன் மாலையோடு செய்தி வாங்குவதை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை நடப்பது அடுத்த வாரத்துக்கு. இந்த வரம்பைத் தளர்த்தினால் வெள்ளி மாலை ஐந்து மணிக்கும் ஒருவர் சான்றிதழோடு ஓடிவருவார், இதழ் முடியாது. வெள்ளிக்கிழமை மதிய உணவு இடைவேளையில் சீட்டுகளைப் பிரித்துத் தேர்வு செய்யலாம். கடைசி இரண்டு பாடவேளைகளில் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி ஏ4 தாளில் முதல்படி எழுதுங்கள். தமிழாசிரியர் திருத்திய பிறகுதான் சார்ட்டில் ஏற்ற வேண்டும். திங்கள் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இதழ் வராது. அன்று கொடிக்கம்பம், மைக், வரிசை என்று எல்லோருக்கும் வேலை இருக்கும்.

சார்ட் அட்டையில் இடம் பிரிப்பது

கடையில் கிடைக்கும் சார்ட் அட்டை 22 அங்குல அகலம், 28 அங்குல உயரம். அதை நிமிர்த்தி வைத்து நான்கு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விடுங்கள். மேலே 4 அங்குலம் தலைப்புக்கு: இதழின் பெயர், பள்ளியின் பெயர், எந்த வாரம், இதழ் எண். மீதி இருக்கும் 20 அங்குல அகலத்தில் 6 அங்குலப் பத்தி மூன்று, இடையில் ஓர் அங்குல இடைவெளி இரண்டு. உயரம் 22 அங்குலம். அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் பத்திக்கு 44 வரி. செய்தித் தலைப்பு, படம், இடைவெளி எல்லாம் போக, வரிக்கு மூன்று சொல் வீதம் ஏறக்குறைய 300 சொல் கொள்ளும். முதல்படி 300 சொல்லைத் தாண்டினால், அட்டையில் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். செய்தியைக் குறையுங்கள்.

எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். கூட்டமாக நின்று படிக்கிற பிள்ளைக்கு ஒரு மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். செய்தித் தலைப்பு இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் மூன்று மீட்டரிலிருந்தே கண்ணில் படும், நடந்துபோகிறவரை நிறுத்தும்.

தடித்த மார்க்கரால் உள்ளெழுத்து எழுதக் கூடாது. ணை, னை, கொம்பு, புள்ளி எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். முனை ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ள பேனா உள்ளெழுத்துக்கு, தடித்தது தலைப்புக்கு. கறுப்பும் கருநீலமும் எழுத்துக்கு. சிவப்பும் பச்சையும் கோட்டுக்கும் கட்டத்துக்கும். மஞ்சளிலும் ஆரஞ்சிலும் எழுதவே வேண்டாம், வராந்தா வெளிச்சத்தில் தெரியாது. ஸ்கெட்ச் பேனா மை தண்ணீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைச் சாரல் வராந்தாவுக்குள் வரும் பள்ளிகளில் அட்டையின் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைக் குத்தி வையுங்கள்.

மாட்டும் உயரத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பெரியவர் கண்ணுக்கு நேரே மாட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்க்க வேண்டும். அட்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 சென்டிமீட்டரில் இருந்தால் இருவருக்கும் சரியாக இருக்கும். மைதா பசை தடவி ஒட்டினால் பூச்சி வரும், கழற்றும்போது கிழியும். செலோ டேப் சுவரின் பெயின்ட்டைப் பெயர்க்கும். தெர்மாகோல் அல்லது மென்பலகை ஒன்றைச் சட்டத்தில் பொருத்தி, குத்தூசியால் குத்துங்கள். இடம் தலைமையாசிரியர் அறை வாசல் அல்ல, அங்கே பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். குடிநீர்க் குழாய்க்குப் போகும் வழி, சைக்கிள் நிறுத்தம், சத்துணவுக்கு வரிசை நிற்கும் இடம் இவற்றில் எது நனையாததோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

எதைச் சாதனை என்று எழுதுவது

இந்தக் கேள்வியில்தான் ஒரு பள்ளியின் மனம் தெரியும். பரிசு, கோப்பை, முதல் மதிப்பெண் இவற்றை மட்டும் எழுதினால் ஜூனிலிருந்து ஏப்ரல் வரை அதே பதினைந்து பெயர்கள்தான் வரும். மீதிப் பிள்ளைகள் மூன்றாவது வாரத்திலேயே சுவரைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் தரவரிசையை ஒட்டாதீர்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டது. அரசு நிறுத்தியதை நம் பள்ளிச் சுவரில் தொடரக் கூடாது. தேர்வைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பிரிவு முழுவதையும் எழுதுங்கள்: ‘கணக்கு இடைப்பருவத் தேர்வில் 9ஆம் வகுப்பு ஆ பிரிவில் எல்லோரும் 35ஐத் தாண்டினர்.’ அந்த வரியில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேறு என்னென்ன எழுதலாம்? ஒரு மாதம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்கள். நூலகத்தில் முதல்முறையாக ஒரு முழுப் புத்தகத்தை முடித்த ஆறாம் வகுப்புப் பிள்ளை. காலை வழிபாட்டில் தடுமாறாமல் செய்தி வாசித்தவர். வானவில் மன்றச் செயல்பாட்டில் ஆசிரியர் காட்டாத வழியில் விடை கண்ட குழு. பள்ளித் தோட்டத்தில் விதைத்த கீரையைச் சத்துணவுக்குக் கொடுத்தவர்கள். கல்வித் துறை வெளியிடும் ‘தேன்சிட்டு’ சிறார் இதழில் படைப்பு வந்த மாணவர். பேச்சுப் போட்டியில் பரிசு பெறாவிட்டாலும் முதல்முறை மேடை ஏறியவர். 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் பரிசு தருகிறது. அதற்குத் தயாராகும் பிள்ளை 300, 600, 900 என்று கடக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு செய்திதான். பரிசு வாங்கிய நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. குடும்பத்தின் துன்பத்தைச் சாதனையின் பின்னணியாக எழுதக் கூடாது. தந்தையை இழந்தவர், கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், இடைநின்று திரும்பி வந்தவர் என்பதெல்லாம் படிப்பவரை உருக்கலாம். ஆனால் மறுநாள் அந்தப் பிள்ளை அதே வராந்தாவில் நடந்து போக வேண்டும். சாதனையை எழுதுங்கள். வீட்டுக் கதையை விட்டுவிடுங்கள்.

கணக்கு பார்க்கும் மாணவருக்கு இங்கே வேலை இருக்கிறது. பிரிவுகளை இடப்பக்கமும் வாரங்களை மேலேயும் எழுதி ஒரு கட்டம் போட்டு, பெயர் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு இடட்டும். மாணவி என்றால் நீலம், மாணவர் என்றால் கறுப்பு. மூன்று வாரம் தொடர்ந்து காலியாக இருக்கும் பிரிவுக்குக் குழுவிலிருந்து ஒருவர் நேரில் போக வேண்டும். அந்தப் பிரிவிலும் ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கும், செய்தியாளர் சோர்ந்திருப்பார். விளையாட்டுப் பக்கத்தில் நீலம் குறைந்தால் உடற்கல்வி ஆசிரியரிடம் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். வாதம் செய்யாமலே விஷயம் புரியும்.

செய்தி எழுதும் விதம்

சுவரிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் இது: ‘நமது பள்ளி மாணவியர் குறுவட்ட அளவிலான கபடிப் போட்டியில் கலந்துகொண்டு சிறப்பாக விளையாடி வெற்றிபெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர்.’ இதில் ஒரு பெயர் இல்லை, தேதி இல்லை, வயதுப் பிரிவு இல்லை, எதிரணி யார் என்பது இல்லை. எந்தப் பள்ளியும் எந்த ஆண்டும் எழுதிக்கொள்ளலாம்.

அதையே இப்படி எழுதலாம்: ‘குறுவட்டக் கபடி, 14 வயதுக்குட்பட்ட மாணவியர். வெள்ளிக்கிழமை நடந்த இறுதியாட்டத்தில் நம் அணி 31–27 என்று வென்றது. பாதி ஆட்டத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். களத்தில் மூன்றே பேர் மிஞ்சியிருந்தபோது எதிரணியின் ரெய்டரை மடக்கியதில் இரண்டு புள்ளி கிடைத்தது, ஆட்டம் திரும்பியது. அடுத்தது மாவட்டப் போட்டி.’ இதற்குக் கீழே அணியின் பெயர்ப் பட்டியல்.

பட்டியலில் களத்தில் இறங்கிய ஏழு பேரை மட்டும் எழுதி விடுவது பெரிய தவறு. கபடி அணியில் மாற்று வீரர்களோடு பன்னிரண்டு பேர் வரை இருப்பார்கள். வெளியே உட்கார்ந்திருந்த ஐவரும் அணிதான், சான்றிதழ் அவர்களுக்கும் உண்டு. தொடரோட்டம் என்றால் நான்கு பேரும், ஓடிய வரிசையில்.

அளவைத் துல்லியமாக எழுதுங்கள். ‘மாவட்ட அளவில் வெற்றி’ என்றால் முதலிடமா மூன்றாமிடமா தெரியாது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்பவை அரசுப் பள்ளிகளின் கலைப் போட்டிகளான கலைத் திருவிழாவின் படிகள். விளையாட்டில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். இரண்டையும் குழப்பினால் ஒரு பிள்ளையின் சாதனை ஒரு படி ஏறியோ இறங்கியோ போகும். பங்கேற்புச் சான்றிதழைப் பரிசு என்று எழுதக் கூடாது. ‘பங்கேற்றார்’ என்றே எழுதுங்கள், அதுவும் மரியாதையான சொல்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு ‘உலக சாதனை’ என்று சான்றிதழ் தரும் தனியார் அமைப்புகள் நிறைய வந்துவிட்டன. அவற்றின் சான்றிதழைக் கொண்டுவரும் பிள்ளையைப் புண்படுத்த வேண்டாம். நடத்தியவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அந்தப் பிள்ளை உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள்: ‘இருபது நிமிடம் இடைவிடாமல் சிலம்பம் சுற்றினார்.’

பிழை பார்க்கும்போது முதலில் பெயர்களைப் பாருங்கள், பிறகுதான் ல, ள, ழ. ஒற்றுப்பிழை இருந்தால் தமிழாசிரியர் வருந்துவார். பெயரில் பிழை இருந்தால் அந்த வீடே வருந்தும். முதலெழுத்து, பிரிவு, பெயரின் எழுத்துக்கூட்டல் மூன்றையும் வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அப்படியும் தவறினால் அடுத்த வாரம் அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் ‘திருத்தம்’ என்று போடுங்கள். ஓரத்தில் சிறிதாகப் போடுவது திருத்தமாகாது.

முக்கிய நாள்களுக்கு வாழ்த்து எழுதியே இதழை நிரப்பும் பழக்கமும் உண்டு. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்பதெல்லாம் ஒரு வரி போதும். அன்று பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதற்கு மீதி இடத்தைக் கொடுங்கள்.

அறிவிப்புப் பத்தி

மூன்றாவது பத்தியின் கீழ்ப்பகுதியை அறிவிப்புக்கு ஒதுக்குங்கள். உதவித்தொகைத் தேர்வுகளைத் தவறவிடும் பிள்ளைகளில் பலர் படிக்காததால் தவறவிடுவதில்லை, யாரும் நேரத்தோடு சொல்லாததால் தவறவிடுகிறார்கள்.

என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதுவது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது. மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே இந்த அறிவிப்பை எட்டாம் வகுப்பில் போட்டால் தாமதம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூனிலேயே படிக்கும்படி போடுங்கள். வருமானச் சான்று வாங்க வீட்டாருக்கு அவகாசம் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிராமப்புறப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், ஆண்டுக்கு 1,000 ரூபாய். பதினோராம் வகுப்புக்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. மாநிலம் முழுவதும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப்பாடம்தான் பாடத்திட்டம். அறிவியல் கருத்து வைத்திருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம். தேர்வாகும் கருத்துக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். கடைசி நாளை மட்டும் எழுதாமல், பள்ளியில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வெற்றி பெற்றவர்கள் பட்டியல் வந்ததும் அது தனிச் செய்தி.

காலை வழிபாட்டில் மூன்று நிமிடம்

திங்கள் வழிபாட்டுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி, கொடியேற்றம், உறுதிமொழி, குறளும் விளக்கமும், நாளிதழ்ச் செய்தி, தலைமையாசிரியர் பேச்சு என்று இடம் நிரம்பிவிடும். சுவரிதழுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஜூன், ஜூலை வெயிலில் காலை உண்ணாமல் வந்த பிள்ளைகள் வரிசையில் மயங்கி விழுவது பல பள்ளிகளில் நடக்கிறது.

மைக்கில் நிதானமாகப் படிக்கும் மாணவர் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் படிப்பார். எனவே 300 சொல் இதழை முழுதும் படிக்க முடியாது. மூன்று செய்தியைத் தேர்ந்து, 200 சொல்லுக்குள் சுருக்கி, மீதிக்கு ‘சுவரிதழில் காண்க’ என்று விடுங்கள். பிள்ளைகள் சுவருக்கு வர ஒரு காரணமும் கிடைக்கும். வாசிப்பவர் சனி, ஞாயிறில் வீட்டில் உரக்க இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்கட்டும்.

சாதித்தவரை மேடைக்கு அழைத்தால் பெயர், வகுப்பு, செய்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கைதட்ட விடுங்கள். வரத் தயங்குகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே கையுயர்த்தச் சொன்னால் போதும்.

சாதனைப் பதிவேடு

நீளவாக்கில் கோடு போட்ட கெட்டியட்டை நோட்டு ஒன்று. பக்க எண் முதலிலேயே போட்டுவிட வேண்டும், தாள் கிழிப்பதைத் தடுக்கும். பத்திகள்: வரிசை எண், நாள், எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) உள்ளபடி பெயர், வகுப்பும் பிரிவும், போட்டி, வயதுப் பிரிவு, அளவு, பெற்ற இடம், நடத்திய அமைப்பு, சான்றிதழ் எண், சான்றிதழ் வந்த நாள், மாணவர் கையொப்பம். இந்த நோட்டு தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும், சுவரிதழ்க் குழுவின் கையில் அலைய வேண்டாம்.

கடைசி இரண்டு பத்திகள்தான் நோட்டின் உயிர். போட்டி நடந்து சான்றிதழ் கைக்கு வர இரண்டு மாதம்கூட ஆகும். அதற்குள் எல்லோரும் மறப்பார்கள், சான்றிதழ் எங்கோ ஒரு பீரோவில் தங்கிவிடும். மாதம் ஒருமுறை ‘வந்த நாள்’ பத்தி காலியாக இருக்கும் வரிகளைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியரிடமும் கலைத் திருவிழாப் பொறுப்பாசிரியரிடமும் கேளுங்கள். சான்றிதழ் வந்த அன்றே இரு பக்கமும் படமெடுத்து, மூலத்தைப் பிள்ளையிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். அலுவலகத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று மூலத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அது பிள்ளையின் சொத்து.

பெயரைச் சான்றிதழ் வாங்கும்போதே சரிபார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு முதலெழுத்தும் விளையாட்டுச் சான்றிதழில் வேறு முதலெழுத்தும் இருந்தால், பின்னாளில் பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டுப் பிரிவு போன்ற இடங்களில் சரிபார்ப்பின்போது தகராறு வரும். ஒரு வாரத்துக்குள் கேட்டால் நடத்தியவர்கள் திருத்தித் தருவார்கள், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். இன்னொன்று, சான்றிதழைச் சூடான லேமினேஷன் செய்ய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். செய்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது, பின்புறம் சான்றொப்பமோ முத்திரையோ இட முடியாது. பிளாஸ்டிக் உறைகள் கொண்ட கோப்பு போதும்.

வெளியே அனுப்பும்போது

சுவரில் இருக்கும் வரை அது பள்ளிக்குள் இருக்கிறது. படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கோ முகநூலுக்கோ அனுப்பிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. பதினெட்டு வயது நிறையாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஜூனில் ஒருமுறை ஒப்புதல் கடிதம் வாங்கி வையுங்கள். தராத வீட்டுப் பிள்ளையின் படம் சுவரோடு நிற்கட்டும். எமிஸ் எண், ஆதார் எண், கைப்பேசி எண், முகவரி, சாதி, பெற்றோர் வருமானம் இவற்றில் எதுவும் இதழில் வரக் கூடாது. உதவித்தொகைப் பட்டியலை இனவாரியாகப் பிரித்து ஒட்டுவதும் கூடாது. குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பெயர், படம் எதையும் வெளியிடும் முன் இல்லப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். தங்கும் இடத்தை எழுதவே வேண்டாம்.

நின்றுபோகும் வாரங்கள்

தேர்வு வாரத்தில் முழு இதழ் கொண்டுவர முயலாதீர்கள். அரை அட்டையில் தேர்வு அட்டவணை, ஒரே ஒரு சாதனைச் செய்தி, அவ்வளவே. கலைத் திருவிழா வாரத்தில் நேர்மாறாகப் பெயர்கள் பெருகும். அப்போது வழக்கமான இதழை நிறுத்தி, இரண்டு அட்டையில் பெயர்ப் பட்டியல் சிறப்பிதழ் போடுங்கள். பட்டியலை வகுப்பு வரிசையில் போடாமல் போட்டி வரிசையில் போட்டால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்த ஆண்டு பெரியவர் சின்னவருக்குப் பறை பழக்க அது வழிகாட்டும். விடுமுறை வாரத்துக்கு இதழ் எண் போடக் கூடாது. எண் தாவினால் பின்னால் தேடும்போது ஓர் இதழ் தொலைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

பழைய அட்டைகளைச் சுருட்டி வைத்தால் கரையான் அரிக்கும். கழற்றும் திங்களன்றே நேராகப் பிடித்து, வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். முதல்படியின் ஏ4 தாளைத் தேதி வாரியாகப் பெட்டிக் கோப்பில் வையுங்கள். அட்டையை அந்த வாரம் அதிகமாக இடம்பெற்ற வகுப்புக்குக் கொடுத்துவிடலாம், அவர்கள் தங்கள் அறையில் மாட்டிக்கொள்வார்கள். விடுமுறையும் தேர்வும் போக ஓராண்டில் முப்பது இதழ் வந்தால் நல்ல உழைப்பு. ஏப்ரலில் அந்த முப்பது ஏ4 தாள்களையும் தைத்து ஒரு பிரதி நூலகத்துக்கும் ஒரு பிரதி ஆண்டறிக்கை எழுதுபவருக்கும் போக வேண்டும். குழுவின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அதனால் மார்ச் இறுதியிலேயே எட்டாம் வகுப்பிலிருந்து இருவரையும் பத்தாம் வகுப்பு முடித்து இங்கேயே பதினொன்றில் சேரப்போகும் ஒருவரையும் அழைத்து, கடைசி மூன்று இதழ்களை அவர்கள் கையால் எழுத வையுங்கள். சீட்டுக் கட்டு, பெட்டிச் சாவி, அளவுகோல், பேனாக்கள், பிரிவுக் கட்டம் இவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.